ஆள் கேரண்டி

பிரேக் வேலை முடிந்ததும் அந்த மெக்கானிக் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொள்வார்.

சந்தின் கடைசியில் ஒரு மதில் இருந்தது. அதற்கு முன்னால் வந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கோத்தபடி, "வா" என்பார். வண்டிக்காரர் சந்தின் இந்த முனையிலிருந்து வேகமாக ஓட்டிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் பிரேக் போட வேண்டும். நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். நிற்காவிட்டால் என்ன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாதபடி அவர் உயிரோடு இருந்தார்.

அந்த வழக்கத்தை அவர் விட்ட நாளில் நான் அங்கேதான் இருந்தேன். காரணம் என் வண்டி.

சாந்தோம் தாண்டி நொச்சிக்குப்பம் போகிற வழியில் ஒரு சந்துக்குள் அவருடைய ஷெட் இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிய மண் தரை, வாசலில் கையால் எழுதிய பலகை. பலகையில் "பிரேக் மட்டும்" என்று இருக்கும். ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டு போனால், "ஓடாத வண்டி ஆபத்தில்ல. ஓடறத கொண்டா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். நன்றாக வேலை செய்பவர்தான், ஆனால் அதை முதலில் சொல்பவரும் அவரேதான். அடக்கம் என்ற சரக்கு அந்த ஷெட்டில் கிடைக்காது.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அபிராமபுரத்தில் வீட்டிலேயே சமைத்து, மதியச் சாப்பாடு சப்ளை செய்கிறேன். ஆபீஸ்கள், சின்ன விசேஷங்கள், சீமந்தம், அறுபதாம் கல்யாணம். அண்டாக்களை ஏற்றிப் போக ஒரு பழைய அம்பாசடர் வைத்திருந்தேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டால் அந்த வண்டிக்குள் ஒரு பந்தியே அடங்கும். பெட்ரோல் எஞ்சின் ஒருநாள் தன் சேவையை முடித்துக்கொண்டது. புதுப்பேட்டையில் ஒருவர் வேறொரு வண்டியின் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து அதில் வைத்துக் கொடுத்தார். ஆர்.சி.யில் முறையாகப் பதிந்தும் ஆயிற்று. அதுவரை நடந்து போன வண்டி அன்றிலிருந்து ஓட ஆரம்பித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஓடுகிற வண்டி நிற்கவும் வேண்டும் என்பது எனக்கும் தோன்றவில்லை, எஞ்சின் வைத்தவருக்கும் தோன்றவில்லை.

லஸ் கார்னரில் தோன்றியது. ஒரு ஸ்கூட்டர்காரர் போனில் பேசிக்கொண்டே குறுக்கே வந்தார். நான் பிரேக்கின் மேல் ஏறக்குறைய எழுந்து நின்றேன். வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது. சாம்பார் நிற்கவில்லை. முருங்கைக்காய் முன்கண்ணாடி வரை வந்தது. ஸ்கூட்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். இன்றும் எங்கேயோ போனில் பேசிக்கொண்டு நன்றாக இருப்பார்.

மறுநாள் அவர் ஷெட்டுக்குப் போனேன். பானெட்டைத் திறந்து உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார்.

"எஞ்சினை எவன் மாத்தினது?"

சொன்னேன்.

"குதிரைய வாங்கி வண்டில கட்டிட்டு, கடிவாளம் மட்டும் மாட்டுக்குப் போட்டதே கீது." பிறகு உருண்டையான ஒரு தகர டப்பாவைத் தட்டிக் காட்டினார். "இது இன்னா தெரியுமா மாமி? பூஸ்டரு. கால்ல லேசா மிதிச்சா பிரேக்க பலமா புடிக்க வெக்கிறது. பெட்ரோல் எஞ்சின் இதுக்கு வேண்டியத தானா உறிஞ்சிக் குடுக்கும். டீசல் குடுக்காது, தனியா பம்ப் வெக்கணும். உன் ஆளு பம்ப் வெக்கவே இல்ல. சும்மா டப்பாவ மாட்டிட்டுப் போய்க்கினு கீறான். நெத்தியில பொட்டு வெச்ச மாதிரி."

மாமி என்று அவர் என்னை அழைத்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அவருக்கு ஐம்பதுக்குமேல் இருக்கும். ஆட்சேபித்துப் பார்த்தேன். "மயிலாப்பூர் பக்கம்னா மாமி தான்" என்று அதை ஒரு பூகோள விஷயமாக முடித்துவிட்டார்.

முன்சக்கரங்கள் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக், பிரேக் ஆயிலைத் தள்ளுகிற பெரிய மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டருக்கு உயிர் கொடுக்க ஒரு பம்ப் என்று வேலையைச் சொன்னார். கேரண்டி உண்டா என்று கேட்டேன். என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போலப் பார்த்தார்.

"பேப்பர்ல எழுதிக் குடுக்குறது கேரண்டியா? பேப்பர் மேல வண்டி ஏறுனா பேப்பருக்கு இன்னா ஆவும்? நம்மள்து ஆள் கேரண்டி."

அப்போதுதான் மதிலைக் காட்டினார். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டுக்கு வரும்வரை பிரேக்கைத் தொடக் கூடாது, கோட்டில் மிதிக்க வேண்டும், அவர் எதிரே நிற்பார். வெறும் மதிலை நோக்கி ஓட்டினால் போதாதா என்றேன்.

"சொவுத்தப் பாத்து எவனும் மனசார மிதிக்க மாட்டான். ஆளப் பாத்தா தான் மிதிப்பான்."

ஆளைப் பார்த்தால் கோட்டுக்கு முன்னாலேயே மிதித்துவிடுவார்களே என்றேன்.

"மிதிப்பான். திருப்பி அனுப்புவேன். மறுபடி வருவான். நா எங்க போவப் போறேன்?"

எதற்கெடுத்தாலும் தன் உடம்பைத்தான் ஜாமீனாக வைப்பார். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கியதும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, "நல்லா ஆட்டு" என்று சொந்தக்காரரிடம் சொல்வார். சொந்தக்காரர் பயந்து மெதுவாக ஆட்டினால் உள்ளேயிருந்து திட்டுவார். அவர் சம்சாரம் சந்து முனையில், ரோட்டோரமாக மீன் விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் யாரோ ஒரு அம்மாள் வஞ்சிரத்தைத் தொட்டுப் பார்த்து, நேற்றைய மீனா என்று கேட்டுவிட்டாள். டீ குடிக்க அந்தப் பக்கம் போனவர் ஒரு துண்டை எடுத்துப் பச்சையாகவே வாயில் போட்டு மென்று விழுங்கி, "இன்னிக்கி மீனு" என்றார். அந்த அம்மாள் மீன் வாங்காமலே போய்விட்டாள். சம்சாரம் அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை.

எனக்கும் ஒருமுறை ஜாமீன் கொடுத்தார். வண்டி அவரிடம் இருந்த நாட்களில் ஆட்டோவில்தான் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. ஷெட்டில் உட்கார்ந்திருந்தபோது, ஆழ்வார்பேட்டையில் ஒரு ஆபீஸ் மேனேஜர் போன் செய்து, கூட்டு ஊசிப்போயிருக்கிறது, சாப்பாடே இனிமேல் வேண்டாம் என்று கத்தினார். ஊசவில்லை, அன்றைக்குப் பெருங்காயம் கை தவறி விழுந்துவிட்டது, அவ்வளவுதான். நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. மெக்கானிக்குக்கென்று நான் கொண்டுவந்திருந்த டப்பா பக்கத்தில் இருந்தது. அதே கூட்டு. போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"சார், நா மெக்கானிக் பேசறேன். அதே கூட்ட நா இப்ப துன்னப் போறேன். ஒரு மணி நேரம் கழிச்சி நானே போன் பண்றேன். பண்ணலன்னா நீங்க சொன்னது கரீட்டு."

டப்பாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். சொன்னபடி ஒரு மணி நேரம் கழித்துப் போன் செய்தார். "உசுரோட கீறேன் சார். நாளைக்கும் அதே கூட்டு போடச் சொல்லட்டா?" மேனேஜர் என்ன பதில் சொன்னாரோ, மறுநாளும் சாப்பாடு போயிற்று. அவருக்கு நன்றி சொன்னேன். "நன்றி எதுக்கு? கூட்டுல பெருங்காயம் ஜாஸ்தி தான்" என்றார்.

இதையெல்லாம் அப்போது நான் சிரித்துக்கொண்டே வீட்டில் சொல்வேன். என் சிரிப்பைக் குறைத்தது அவர் சம்சாரம்தான்.

வண்டி வேலை நடந்த நாட்களில் ஷெட்டுக்குள் உட்கார முடியாத வெயில். சந்து முனையில் மீன் கடைக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு எனக்கு இடம் கொடுத்தார் அந்தம்மாள். அந்தக் கடையில் மீன் வாங்காமல் தினமும் வந்து உட்கார்ந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். முதல் நாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கூடையைக் காற்றடிக்காத பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு நான் பொத்திக்கொள்ளவில்லை.

அங்கேயிருந்து மதில் தெரியாது. சந்து நேராகத்தான் போகும், ஆனால் ஷெட்டின் தகரம் முன்னால் துருத்திக்கொண்டு மறைக்கும். ஒருநாள் உள்ளே யாரோ ஒரு ஜீப்பைக் கிளப்பினார்கள். சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்த கை நின்றது. வாங்க வந்தவர் ஏதோ கேட்டார். அந்தம்மாளின் காது சந்துக்குள் இருந்தது. வண்டி சந்துக்குள் வேகமெடுத்தது, டயர் தரையில் கிரீச்சிட்டது. உள்ளேயிருந்து "நின்னுச்சி!" என்று அவர் குரல் வந்தது. கை மறுபடி செதிலைச் சுரண்ட ஆரம்பித்தது.

"தெனம் இப்படித்தானா?" என்றேன்.

"கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து." மீனைத் திருப்பிப் போட்டார். "கண்ணால பாத்தாகூட பரவால்ல யக்கா. காதால கேக்குறது தான் பேஜாரு. நின்னாலும் ஒரு சத்தம் வரும். நிக்கலன்னாலும் ஒரு சத்தம் தான வரும்?"

"சொல்லிப் பாக்கலையா நீங்க?"

"சொல்லாமயா? அழுதேன், சோறு பொங்காம இருந்தேன், அம்மா வூட்டுக்குப் போனேன். வேலை மேல சந்தேகமான்னு கேக்குது. இல்லன்னு தான சொல்லணும்? இல்லன்னா அப்பறம் நிக்கறதுல இன்னா பயம்ங்குது. அதுக்கு மேல நா இன்னா பேசறது?"

அன்று வீட்டில் இதை நான் சொல்லவில்லை.

என் வண்டி வேலை முடிந்த நாள் வந்தது. அண்டாக்கள் இருக்கிற பாரத்தோடு சோதிக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்ததால் தண்ணீர் நிரப்பிய அண்டாக்களைப் பின்னால் ஏற்றியிருந்தோம். பெடலை மிதித்துப் பார்த்தேன். முன்பு எழுந்து நின்று மிதித்த பெடல் இப்போது கட்டைவிரலுக்கே கேட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். போய் மதிலுக்கு முன்னால் நின்றார்.

"வா மாமி!"

"நான் மாட்டேன். நீங்க நகருங்கோ."

"நகந்தா எப்புடி? வா!"

"சுவத்துக்கு முன்னாடி ஒரு டின்ன வெச்சுக்கலாம். நசுங்கினா வேற வாங்கித் தரேன்."

"டின்னு இன்னா கேரண்டி குடுக்கும்? நீ ஓட்லன்னா தெருவுல போற எவனையாச்சும் இட்னு வந்து ஓட்ட வெப்பேன். அவனுக்குக் கோடு எங்க கீதுன்னுகூட தெரியாது. வசதி எப்புடி?"

மனிதர் அதையும் செய்வார். அதனால் எஞ்சினைக் கிளப்பினேன். அவரை அத்தனை நாளும் வேடிக்கையான மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வெறும் கோபம்தான் இருந்தது. தன் உயிரைத் தூக்கி என் காலுக்கு அடியில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

சத்தம் கேட்டு அவர் சம்சாரம் சந்துக்குள் வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என் வண்டியைத் தாண்டிப் போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நேராகப் போய் அவர் பக்கத்தில் மதிலுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"இன்னாடி?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. நீ நில்லு. நானும் நிக்கறேன்."

"வெளயாடாத. கடையப் போய்ப் பாரு."

"ஏன், பிரேக்கு சரியா தான கீது?"

"கீது."

"அப்பறம் இன்னா?"

அவருடைய கேள்வியே அவரிடம் திரும்பி வந்திருந்தது.

"வா யக்கா!" என்று அந்தம்மாள் என்னைப் பார்த்துக் கூப்பிட்டார். குரலில் கோபமோ வீம்போ எதுவும் இல்லை. மீன் வாங்கக் கூப்பிடுகிற குரல்தான்.

அவர் சம்சாரத்தைப் பார்த்தார். பிறகு என் வண்டியைப் பார்த்தார். அத்தனை நாள் அந்த வண்டியை அவர் அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறார். அது தன் வீட்டு ஆளை நோக்கி வரப்போகிற ஒன்று என்று இப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது. கையைத் தூக்கினார்.

"மாமி, ஆஃப் பண்ணு."

அணைத்தேன். வேகமாக வந்தார். ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினார். முதலில் வலது சக்கரம், ஒவ்வொரு போல்ட்டாக. பிறகு இடது சக்கரம். எல்லாம் ஏற்கெனவே பார்த்தவைதான் என்று முனகிக்கொண்டே மறுபடியும் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, "ஸ்டீரிங்க முழுசா லெஃப்ட்ல ஒடி" என்றார். ஒடித்தேன். சக்கரத்தின் உள்பக்கம் குனிந்தவர் நிமிரவில்லை.

இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ் ஒன்று அங்கே இருந்தது. சக்கரம் நேராக இருக்கும்போது அதற்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையும். முழுசாக ஒடித்தபோது அது டயரின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஷெட்டுக்குள் வண்டியை முன்னும் பின்னும் திருப்பியதிலேயே ரப்பரில் ஒரு இடம் தேய்ந்து பளபளவென்றிருந்தது. கொஞ்ச நாள் ஊருக்குள் ஓடியிருந்தால் கிழிந்திருக்கும். ஆயில் மொத்தமும் வெளியே போயிருக்கும். அதன் பிறகு பெடலை மிதித்தால் கால் மட்டும்தான் கீழே போகும்.

"அப்போ இன்னிக்கு நின்னிருக்காதா?" என்றேன்.

"இன்னிக்கி நின்னுருக்கும் மாமி. சோக்கா நின்னுருக்கும்." ஹோஸின் அந்தப் பளபளப்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "இந்தச் சந்துல வளைவே இல்லியே."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் போய்விட்டது. பாவமாக இருந்தது.

வேறு ஹோஸ் மாற்றிக் கொடுங்கள், அவசரமில்லை என்று சொன்னேன். அது அவர் காதில் விழவில்லை. எதையோ கணக்குப் போடுவது போல உதடு அசைந்தது. சட்டென்று எழுந்து, எண்ணெய்க் கையோடு போனை எடுத்தார். கை வழுக்கியதால் ஸ்பீக்கரில் போட்டு பானெட்டின் மேல் வைத்தார்.

"யாருக்கு?" என்றேன்.

"அடையாறுல ரிட்டயர்டு சார் ஒருத்தரு. அவரு ஜீப்புக்கும் போன மாசம் இதே ஹோஸ் தான் போட்டேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். இம்முறை ஹாரன் சத்தங்களுக்கு நடுவே ஒரு பெரியவர் குரல் வந்தது.

"சொல்லுப்பா. நான் ரோட்ல இருக்கேன்."

"எங்க கீறீங்க சார்?"

"மத்திய கைலாஷ் சிக்னல். பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சே கொல்றான். என்ன, சீக்கிரம் சொல்லு."

"சிக்னல் தாண்டுனதும் மெதுவா ஓரங்கட்டி நிறுத்துங்க. ஸ்டீரிங்க ரொம்ப ஒடிக்காதீங்க. நிறுத்திட்டு எனக்குச் சொல்லுங்க. நா லைன்லயே கீறேன்."

அந்தப் பக்கம் கியர் விழுந்தது, வண்டி நகர்ந்தது, யாரோ யாரையோ திட்டினார்கள். அவர் பானெட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு போனையே பார்த்தபடி நின்றார். வெறும் சத்தங்கள்தான் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் முகம் மாறியது. கடைசியில் எஞ்சின் அணைந்தது.

"நிறுத்திட்டேன். இப்ப சொல்லு. என்ன ஆச்சு? பிரேக்கெல்லாம் நன்னாத்தானே இருக்கு. அன்னிக்கு நீயே முன்னாடி வந்து நின்னியேப்பா?"

"நின்னேன் சார். நீங்களும் என்னயே பாத்தீங்க, நானும் என்னயே பாத்துக்கினு இருந்தேன். வண்டிய எவனும் பாக்கல. தப்பு என்மேல தான். நீங்க வண்டிய எடுக்காதீங்க, அங்கயே இருங்க. நா வரேன்."

பையில் ஸ்பேனர்களையும் வேறு இரண்டு ஹோஸ்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டார். என் வண்டி ஜாக்கியின் மேல் நின்றது பற்றியோ, அண்டாக்கள் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. லுங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்தில் ஓடினார். முனையில் ஒரு ஆட்டோவை மறிக்கிற சத்தம் கேட்டது. அதுவும் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தேன். அவர் சம்சாரம் இன்னும் மதிலுக்கு முன்னால், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கோ, வண்டி இனிமே வராது" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நகரவில்லை. நானே போய்க் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. மீனுக்குப் போடுகிற ஐஸ்கட்டி பட்ட கை என்றுதான் நினைத்தேன். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அது அவ்வளவு நேரமும் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.